நான் ‘பாபு’ ஆன கதை

போன மாதம் எங்கள் முன்னாள் படைவீரர் கூட்டத்தில், புதிதாகச் சேர்ந்த ஒருவருக்கு என்னை அறிமுகம் செய்து வைத்தார்கள். “சார் மெட்ராஸ் ரெஜிமென்ட். இருபத்து நாலு வருஷ சர்வீஸ். கிளார்க்கா இருந்து ஹவில்தாரா வந்தவர்.”

வழக்கமாக இந்த இடத்தில் நான் அவசரமாகக் குறுக்கிட்டு, “முதல் பத்து வருஷம் ரைபிள் கம்பெனிங்க, கால் அடிபட்ட பிறகுதான் கிளார்க்” என்று சேர்த்துக்கொள்வேன். 2001-ல் ஓய்வு பெற்றதிலிருந்து எத்தனையோ பேரிடம் இப்படிச் சொல்லியிருக்கிறேன். அன்று சொல்லவில்லை. சும்மா கும்பிட்டுவிட்டு உட்கார்ந்துவிட்டேன். ஏன் சொல்லவில்லை என்று பஸ்ஸில் வரும்போது யோசித்துக்கொண்டே வந்தேன். அதைத்தான் இங்கே எழுதுகிறேன். கொஞ்சம் நீளமாகப் போகும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

1977-ல் ராணுவத்தில் சேர்ந்தபோது எனக்குப் பத்தொன்பது வயது. வட ஆற்காடு மாவட்டத்தில் வீட்டுக்கு ஒருவர் பட்டாளத்தில் இருந்த காலம் அது. எஸ்.எஸ்.எல்.சி. பாஸ் செய்துவிட்டு நிலக்கடலைக் காட்டில் அப்பாவுக்கு ஒத்தாசையாக இருந்தேன். ஆள் எடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டு நாலு பேராகப் போனோம். நான் ஒருவன்தான் தேறினேன். நீலகிரியில் வெலிங்டன் ரெஜிமென்டல் சென்டரில் பயிற்சி. குளிர் என்றால் என்னவென்று அங்கேதான் தெரிந்துகொண்டேன். “வீர மதராசி, அடி கொல்லு, அடி கொல்லு” என்ற எங்கள் ரெஜிமென்டின் போர் முழக்கத்தை முதல்முறை கூட்டமாகக் கத்தியபோது உடம்பு சிலிர்த்ததை இன்றும் மறக்க முடியவில்லை.

பட்டாலியனுக்குப் போனதும் ரைபிள் கம்பெனி. கையில் 7.62 எஸ்.எல்.ஆர். குண்டு நிரப்பினால் சுமார் ஐந்து கிலோ இருக்கும். ஒவ்வொரு துப்பாக்கிக்கும் கட்டையில் ஒரு பட் நம்பர் உண்டு. என் பேரன் பேத்திகளின் பிறந்த நாள் எனக்கு மறந்துபோகிறது. அந்த நம்பர் மறக்கவில்லை.

அந்தக் காலத்தில் பட்டாலியன் ஆபீஸ் கிளார்க்குகளை நாங்கள் ‘பாபு’ என்போம். மரியாதைச் சொல்தான். ஆனால் நாங்கள் சொல்லும் விதத்தில் மரியாதை இருக்காது. நாங்கள் பிட்டு மூட்டையைத் தூக்கிக்கொண்டு இருபது கிலோமீட்டர் நடந்து வந்தால், அவர்கள் ஃபேன் காற்றில் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருப்பார்கள் என்று எங்களுக்கு எரிச்சல். லீவு பாஸ் தாமதமானாலும் பாபுவைத் திட்டுவோம், சம்பளத்தில் பிடித்தம் வந்தாலும் பாபுவைத் திட்டுவோம். நானும் வாய் கூசாமல் திட்டியவன்தான்.

1987 ஜனவரி. வடக்குக் காஷ்மீரில் இருந்தோம். ரோந்து போய்த் திரும்பும்போது பனி உறைந்த சரிவில் கால் வழுக்கிவிட்டது. பத்துப் பன்னிரண்டு அடிதான் விழுந்திருப்பேன். ஆனால் வலது முழங்கால் பாறை இடுக்கில் சிக்கித் திருகிக்கொண்டது. கூட வந்தவர்கள் என்னை மாற்றி மாற்றிச் சுமந்து போஸ்ட்டுக்குக் கொண்டுவந்தார்கள். அதில் ஒருவன் எங்கள் ஊருக்குப் பக்கத்து ஊர்க்காரன். என்னைவிட ஐந்து வயது இளையவன். “அண்ணே, கண்ணை மூடாதீங்க, பேசிக்கிட்டே வாங்க” என்று வழியெல்லாம் என்னைப் பேச வைத்துக்கொண்டே வந்தான். அவன் பெயரை இங்கே எழுதப்போவதில்லை. தம்பி என்றே சொல்கிறேன். இந்தக் கதையில் அவன் மறுபடி வருவான்.

ஆஸ்பத்திரி, ஆபரேஷன், மாவுக்கட்டு, மறுபடி ஆஸ்பத்திரி என்று பல மாதம் ஓடியது. அன்று ஜவான்களின் உடல் தகுதியை ‘ஏ’, ‘பி’, ‘சி’, ‘இ’ என்று பிரித்திருந்தார்கள். ‘ஏ’ என்றால் எங்கே வேண்டுமானாலும் போகலாம். ‘இ’ என்றால் வீட்டுக்குப் போகவேண்டியதுதான். மெடிக்கல் போர்டு என்னை முதலில் தற்காலிக ‘சி’ ஆக்கியது. பிறகு அதையே நிரந்தர ‘சி’ ஆக்கிவிட்டது. மலை ஏறக்கூடாது, ஓடக்கூடாது, பாரம் தூக்கக்கூடாது. காலாட்படை ஜவானுக்கு இதற்குமேல் என்ன வேலை மிச்சம்?

உடல் தகுதி குறைந்தவர்களுக்குப் பட்டாலியனில் ‘ஷெல்டர்ட் அப்பாயின்ட்மென்ட்’ என்று ஒன்று இருந்தால் வைத்துக்கொள்வார்கள். அதாவது உட்கார்ந்து செய்கிற வேலை. அது இல்லையென்றால் டிஸ்சார்ஜ். எனக்கு அப்போது சர்வீஸ் பத்து வருஷம். ஜவானுக்கு சர்வீஸ் பென்ஷன் கிடைக்க பதினைந்து வருஷம் முடிந்திருக்க வேண்டும். கல்யாணமாகி நாலு வருஷம், கையில் ஒரு பெண் குழந்தை. தங்கை கல்யாணத்துக்கு அப்பா வாங்கிய கடன் பாக்கி. நொண்டிக் காலோடு ஊருக்குப் போய் என்ன செய்வது என்று ஆஸ்பத்திரிக் கட்டிலில் படுத்துக்கொண்டு விட்டத்தையே பார்த்துக்கொண்டிருப்பேன்.

கமாண்டிங் ஆபீசர் கூப்பிட்டார். “நீ எஸ்.எஸ்.எல்.சி. பாஸ் செய்தவன். இங்கிலீஷ் எழுதப் படிக்கத் தெரியும். கிளார்க் டிரேடுக்கு மாறிக்கொள்கிறாயா?” என்று கேட்டார். எனக்கு முகம் செத்துவிட்டது. அவர் அதைக் கவனித்திருக்க வேண்டும். “யோசித்து நாளைக்குச் சொல்” என்றார்.

யோசிப்பதற்கு என்ன இருந்தது? மறுநாள் “சரி சார்” என்றேன்.

புறப்படும் முன்பு ‘கோத்’ என்கிற ஆயுத அறையில் என் துப்பாக்கியை ஒப்படைத்துக் கையெழுத்துப் போட வேண்டும். தினமும் செய்கிற காரியம்தான். ஆனால் இனி அது என் பேரில் வெளியே வராது. கடைசியாக ஒரு முறை எண்ணெய் போட்டுத் துடைத்துக் கொடுத்தேன். அங்கிருந்த நாயக், “நாளைக்கு வேற ஆளுக்குத்தானே போகுது, எதுக்கு இவ்வளவு துடைக்கிறே?” என்றார். பதில் சொல்லவில்லை. பாரக்குக்கு வந்து போர்வையை இழுத்து மூடிக்கொண்டு படுத்துவிட்டேன்.

பயிற்சிக்கு முன்பு இரண்டு மாத லீவில் ஊருக்கு வந்தேன். விஷயத்தை என் மனைவியிடம் சொன்னபோது அவள் சிரித்தாள். எனக்குக் கோபம் வந்தது. “ஏங்க, நான் டைப்ரைட்டிங் லோயர் ஃபர்ஸ்ட் கிளாஸ். எங்கிட்டே ஒரு வார்த்தை சொல்லியிருந்தா இத்தனை நாள் கத்துக் குடுத்திருப்பேனே” என்றாள். கல்யாணமாகி நாலு வருஷம், எனக்கு இது தெரியாது. பட்டாளத்துக்காரனின் குடித்தனம் அப்படி.

அவளே என்னைக் குடியாத்தத்தில் ஒரு டைப்பிங் இன்ஸ்டிட்யூட்டுக்கு அழைத்துப் போனாள். வாத்தியார் அவளுக்குச் சொல்லிக்கொடுத்தவர். காலை ஆறு மணி பேட்ச். சுற்றிலும் பாவாடை தாவணிப் பெண்களும் மீசை அரும்பாத பையன்களும். நடுவில் முரட்டு மீசையோடு நான். ஏ எஸ் டி எஃப் ஜி எஃப், செமிகோலன் எல் கே ஜே ஹெச் ஜே. இந்த மந்திரம் நம் வயதுக்காரர்களுக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை. இருட்டில் துப்பாக்கியைக் கழற்றி மாட்டிய விரல்கள், சுண்டுவிரலால் ஏ எழுத்தைத் தட்டத் திணறின. பக்கத்து மெஷினில் இருந்த பெண் என் தாளை எட்டிப் பார்த்துவிட்டு, சிரிப்பை அடக்கிக்கொண்டு திரும்பிக்கொண்டாள்.

பிறகு மத்திய இந்தியாவில் ஒரு கண்டோன்மென்ட் ஊரில் பயிற்சி. வகுப்பில் பெரும்பாலும் நேராகக் கிளார்க் வேலைக்கே சேர்ந்த பத்தொன்பது இருபது வயசுப் பையன்கள். எனக்கு முப்பது. இரண்டே நாளில் எல்லோரும் என்னை ‘சாச்சா’ என்று கூப்பிட ஆரம்பித்துவிட்டார்கள். அவர்கள் காலையில் ஓடப் போகும்போது நான் தாழ்வாரத்தில் நின்று பார்த்துக்கொண்டிருப்பேன்.

எங்கள் உஸ்தாத் கர்வாலைச் சேர்ந்த ஒரு ஹவில்தார். ஒல்லியான ஆள், தடித்த கண்ணாடி. முதல் வகுப்பிலேயே ஒரு கேள்வி கேட்டார். “உங்கள் யூனிட்டில் ஒருவனுக்குக் கல்யாணம், ஒருவனுக்குக் குழந்தை பிறந்தது, ஒருவன் லீவு முடிந்து வந்தான், ஒருவன் இறந்தான். நாலுக்கும் நம் ஆபீஸ் மொழியில் பொதுவான பெயர் என்ன?”

யாருக்கும் தெரியவில்லை. “கேஷுவல்ட்டி” என்றார். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. கேஷுவல்ட்டி என்றால் அடிபட்டவர்கள், செத்தவர்கள் என்றுதான் அதுவரை நினைத்திருந்தேன். பிள்ளை பிறந்தாலும் அதே பெயரா? ஒருவனின் சம்பளம், படி, குடும்ப உரிமை இவற்றில் மாற்றம் கொண்டுவருகிற எதுவும் ராணுவக் காகிதத்தில் கேஷுவல்ட்டிதான். அதை ‘பார்ட் டூ ஆர்டர்’ என்ற உத்தரவில் வெளியிட வேண்டும். பார்ட் ஒன் ஆர்டர் அன்றாட டியூட்டி, பரேடு விவகாரம். அதை நாளைக்குத் தூக்கிப் போடலாம். பார்ட் டூ ஆர்டர் அப்படி அல்ல. அது ரெக்கார்ட் ஆபீசுக்கும் சம்பள ஆபீசுக்கும் போய், அந்த ஜவானின் சீட் ரோலில் ஏறி, அவன் செத்த பிறகும் அவன் குடும்பத்தோடு இருக்கும்.

உஸ்தாத் சொல்வார்: “ரைபிள் குறி தப்பினால் குண்டு மண்ணில் போகும். இந்த மெஷினில் குறி தப்பினால் யாராவது ஒருத்தர் வீட்டு அடுப்பில் போய் விழும்.” பையன்கள் சிரிப்பார்கள். நானும் சிரித்தேன்.

கார்பன் வைத்து ஐந்து பிரதி அடிப்பது, ஸ்டென்சில் வெட்டி சைக்ளோஸ்டைல் உருட்டுவது, ஃபைலுக்குப் பக்க எண் போடுவது, எந்தக் கடிதத்துக்கு எந்த வடிவம் என்று எல்லாம் படித்தோம். எனக்குப் பெரிய தலைவலியாக இருந்தது பெயர்கள். நம் ஊரில் அப்பா பெயரின் முதல் எழுத்துதான் இனிஷியல். ராணுவப் படிவமோ முன்பெயர், பின்பெயர் என்று கேட்கும். ஒரே ஆளை ஓரிடத்தில் முத்துகிருஷ்ணன் என்று சேர்த்தும், இன்னோரிடத்தில் முத்து, கிருஷ்ணன் என்று பிரித்தும் எழுதிவிட்டால், காகிதத்துக்கு அவர்கள் இரண்டு பேர். ‘ழ’ வருகிற பெயராக இருந்தால் கேட்கவே வேண்டாம்.

நிமிஷத்துக்கு முப்பது வார்த்தை அடித்துத் தேறினேன். ஆனால் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். கை கற்றுக்கொண்டது, மனசு கற்றுக்கொள்ளவில்லை. பட்டாலியனுக்குத் திரும்பி ஆபீஸ் நாற்காலியில் உட்கார்ந்தபோது, இது எனக்குக் கிடைத்த தண்டனை என்றுதான் உள்ளுக்குள் நினைத்துக்கொண்டிருந்தேன். பழைய கம்பெனி ஆட்கள் வந்து “என்ன பாபுஜி, சௌக்கியமா?” என்று கேலி செய்தால் சுருக்கென்று இருக்கும். அந்தக் கோபத்தை யாரிடம் காட்டுவது? காகிதத்தோடு வருகிறவனிடம்தான். “நாளைக்கு வா.” “இந்த ஃபாரம் சரியில்லை.” “லீவு முடிஞ்சு வந்து பார்.” நான் எந்த பாபுவைத் திட்டிக்கொண்டிருந்தேனோ, அதே பாபுவாக நானே ஆகிவிட்டேன்.

1990-ல் பட்டாலியன் வடகிழக்கில் இருந்தது. கம்பெனிகள் மலை மேலே, எங்கள் ஆபீஸ் அடிவாரத்தில். ஜூன் மாதக் கடைசியில் தம்பி ஊரிலிருந்து லீவு முடிந்து வந்தான். என்னைப் பார்க்க ஆபீசுக்கு வந்தவன், என் மனைவி கொடுத்தனுப்பிய முறுக்குப் பொட்டலத்தை மேஜை மேல் வைத்தான். கூடவே மடித்த ஒரு காகிதத்தையும் வைத்தான்.

“அண்ணே, ஒரு சின்ன விஷயம். கல்யாணம் ஆனப்போ ஃபாரத்துல சம்சாரம் பேரு கேட்டாங்க. வீட்டுல எல்லாரும் பாப்பான்னுதானே கூப்பிடுவாங்க, பாப்பம்மாள்னு குடுத்துட்டேன். ஸ்கூல் சர்ட்டிபிகேட்டுல வேற பேரு. இந்தத் தடவை மாமனார் காட்டுனப்பதான் தெரிஞ்சுது. மாத்திடுங்க அண்ணே.”

படிக்கச் சிரிப்பாக இருக்கலாம். நம் ஊரில் எத்தனை பேருக்கு மனைவியின் ஏட்டுப் பெயர் கல்யாணத்தன்றே தெரியும்? பத்திரிகை அடிக்காத கல்யாணம், குலதெய்வக் கோயிலில் தாலி கட்டியது. அவன் கொடுத்ததுதான் ரெக்கார்டில் ஏறியிருந்தது. விண்ணப்பத்தில் இரண்டு பெயரும் ஒருவரே என்று தமிழ் கலந்த இங்கிலீஷில் எழுதி, தேதி போட்டு, தமிழில் கையெழுத்துப் போட்டிருந்தான்.

“அஃபிடவிட் வேணும்டா. சும்மா காகிதம் குடுத்தா ஆகாது” என்றேன். நான் சொன்னது சரிதான். ஆனால் அஃபிடவிட்டுக்கு என்ன எழுத வேண்டும் என்று நான் ஒரு மாதிரி அடித்துக் கொடுத்திருக்கலாம். பெயர் திருத்தம் கேட்டு விண்ணப்பம் வந்திருக்கிறது என்று ஹெட் கிளார்க்கிடம் அன்றே காட்டியிருக்கலாம். அரை மணி நேர வேலை. “சரி, பார்க்கிறேன்” என்று வாங்கி டிரேயில் போட்டேன். அதன்மேல் வேறு காகிதங்கள் விழுந்தன.

ஆகஸ்டில் பேய் மழை. ரேஷன் ஏற்றிக்கொண்டு மேலே போன வண்டியின்மேல் மலைச்சரிவு அப்படியே இறங்கிவிட்டது. மூன்று பேர். அதில் ஒருவன் தம்பி.

டெலிகிராம் வாசகத்தை நான்தான் தயார் செய்தேன். அடுத்த உறவினர் பெயர் என்ற இடத்தில் சீட் ரோலைப் பார்த்து ‘பாப்பம்மாள், மனைவி’ என்று அடிக்கும்போதுதான் அந்தக் காகிதம் நினைவுக்கு வந்தது. கை அப்படியே நின்றுவிட்டது.

இரவு எல்லோரும் போன பிறகு டிரேயைக் கவிழ்த்துத் தேடினேன். அடியில் இருந்தது. தேதி போட்டு ஆறு வாரம் ஆகியிருந்தது.

வாசகர்களே, அன்று ராத்திரி எனக்குள் ஓடியதை மறைக்காமல் சொல்கிறேன். அந்தக் காகிதம் என்னிடம் வந்தது எனக்கும் செத்துப்போனவனுக்கும் மட்டும்தான் தெரியும். கிழித்து அடுப்பில் போட்டால் முடிந்தது. இல்லையென்றால் நேற்றுதான் கொடுத்தான் என்று தேதியைத் திருத்திவிடலாம். வெளியே எடுத்தால் ஆறு வாரம் கிடப்பில் போட்டவன் நான் என்பது வெளிவரும். ஆனால் ஒன்று. இரண்டு பெயரும் ஒரே ஆள்தான் என்று புருஷனே உயிரோடு இருக்கும்போது எழுதிக் கையெழுத்துப் போட்ட ஒரே சாட்சி அது. அந்தப் பெண்ணுக்கு அதுதான் துணை.

பனியில் என்னைச் சுமந்துகொண்டு, “பேசிக்கிட்டே வாங்க அண்ணே” என்றவனின் கையெழுத்து.

விடியும்வரை அந்த நாற்காலியிலேயே உட்கார்ந்திருந்தேன். காலையில் ஹெட் கிளார்க் வந்ததும் காகிதத்தை நீட்டி, நடந்ததைச் சொன்னேன். அவர் என்னையே கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு இருவரும் அட்ஜுடன்டிடம் போனோம். என்மேல் நடவடிக்கை எடுத்தார்கள், கடுமையான கண்டனம். நாயக்காக இருந்த எனக்குப் பிரமோஷன் தள்ளிப்போனது. தண்டனையும் பார்ட் டூ ஆர்டரில் வர வேண்டிய விஷயம் அல்லவா? அந்த ஆர்டரை நானே உட்கார்ந்து அடித்தேன். என் பெயர், என் நம்பர், என் குற்றம். ஒரு எழுத்துகூடப் பிழையில்லாமல் வந்தது. கிளார்க் வேலையை நான் முழு மனசோடு செய்த முதல் நாள் அதுதான் என்று இப்போது தோன்றுகிறது.

அந்தத் தங்கச்சிக்கு விதவைப் பென்ஷன் வர பதினோரு மாதம் ஆனது. இன்சூரன்ஸ் பணத்துக்கும் அதே பெயர்ச் சிக்கல். அந்தக் காகிதம் உதவியது. ஆனால் அது மட்டும் போதவில்லை. நான் லீவு போட்டு ஊருக்கு வந்து அவளையும் அவள் அப்பாவையும் கூட்டிக்கொண்டு அலைந்தேன். கிராம நிர்வாக அலுவலர், தாசில்தார், பள்ளித் தலைமையாசிரியர், முத்திரைத்தாளில் அஃபிடவிட், மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகம். யாரையும் குறை சொல்ல மாட்டேன். அவரவர் வேலையை அவரவர் செய்தார்கள். என் வேலையை நான் ஜூனிலேயே செய்திருந்தால் இந்த அலைச்சலில் பாதி இருந்திருக்காது. அந்தப் பதினோரு மாதமும் அவள் வீட்டில் உட்கார்ந்து தீப்பெட்டி ஒட்டினாள். ஒரு பையன், இரண்டு வயது. தோடு அடகுக்குப் போயிற்று. நான் போகும்போதெல்லாம் பசை காய்ந்த விரல்களோடு எழுந்து வந்து, “வாங்க அண்ணே” என்று சொம்பில் தண்ணீர் கொடுப்பாள். உஸ்தாத் சொன்ன அடுப்பு அதுதான். எனக்கு அந்தத் தண்ணீர் இறங்காது.

அதன்பிறகு பட்டாலியனில் நான் வேறு ஆள். கல்யாண லீவுக்குப் போகிறவன் யாரானாலும் என் மேஜைக்கு வராமல் ரயில்வே வாரண்ட் கையில் கிடைக்காது. “சம்சாரம் பேரு என்ன? வீட்டுல கூப்பிடுற பேரைக் கேக்கலை. சர்ட்டிபிகேட்டுல என்ன இருக்கு? ரேஷன் கார்டுல என்ன இருக்கு? எழுதிக்கிட்டு வா.” பையன்கள் முணுமுணுப்பார்கள். முணுமுணுக்கட்டும். தனியாக ஒரு நோட்டுப் போட்டு, யாருக்குப் பிள்ளை பிறந்தது, யாருடைய ஆர்டர் வெளியானது, யாருடையது பாக்கி என்று எழுதி வைத்தேன். டிரேயில் காகிதம் இருக்கும்போது சாப்பாட்டுக்கு எழுந்ததில்லை. அடுத்த பதினோரு வருஷமும் அப்படித்தான். கேலிக்கு அப்போதும் குறைவில்லை. ஆனால் பாபு என்ற சொல் அதற்குப் பிறகு சுருக்கென்று குத்தவில்லை.

இரண்டு வருஷத்துக்கு முன்பு அந்தத் தங்கச்சியின் பேத்திக்குக் காதுகுத்து. நானும் என் மனைவியும் போயிருந்தோம். அந்த இரண்டு வயசுப் பையன் இன்று அரசுப் பள்ளியில் ஆசிரியர். சாப்பாடெல்லாம் முடிந்து, பந்தலில் கூட்டம் குறைந்த பிறகு அவளிடம் சொன்னேன். முப்பது வருஷத்துக்கு மேலாகத் தொண்டையில் நின்றது. “அம்மா, அந்தக் காகிதத்தை உன் வீட்டுக்காரன் ஜூனிலேயே எங்கிட்டே குடுத்துட்டான். நான்தான் போட்டு வெச்சுட்டேன்.”

அவள் உடனே ஒன்றும் சொல்லவில்லை. முந்தானையை விரலில் சுற்றிக்கொண்டிருந்தாள். திட்டுவாள் என்று காத்திருந்தேன். திட்டினால் நன்றாயிருக்கும் என்றுகூட இருந்தது.

“அந்தப் பேப்பர்ல அவரு கையெழுத்துப் போட்டிருந்தாரா அண்ணே?”

“போட்டிருந்தாம்மா. தமிழ்ல.”

“அது இப்ப எங்க இருக்கும்?”

“ரெக்கார்டுல போய்ச் சேர்ந்துடுச்சும்மா. என்கிட்டே இருந்த பிரதி நான் டைப் அடிச்சது. அதுல கையெழுத்து இல்லை.”

“எங்கிட்ட அவரு கையெழுத்து ஒண்ணுகூட இல்ல அண்ணே. லெட்டர் எல்லாம் அந்த வருஷத்து மழையில ஓலை ஒழுகி நாசமாப் போச்சு” என்றாள். கொஞ்ச நேரம் கழித்து, “என் பேரை முழுசா எழுதியிருந்தாரா?” என்று கேட்டாள்.

“முழுசா எழுதியிருந்தான். தப்பில்லாம.”

அவள் தலையை ஆட்டிக்கொண்டாள். பிறகு, “இருங்க அண்ணே, வெத்தலை எடுத்துக்கிட்டு வரேன்” என்று எழுந்து போனாள். மன்னித்தாளா என்று எனக்குத் தெரியாது. நானும் கேட்கவில்லை. வெற்றிலையில் சுண்ணாம்பை அவளே தடவிக் கொடுத்தாள்.

கூட்டத்தில் என்னைக் கிளார்க் என்று அறிமுகம் செய்தபோது நான் வாயைத் திறக்காததற்குக் காரணம் இதுதான் என்று நினைக்கிறேன். ரைபிள் கம்பெனியில் பத்து வருஷம் இருந்தேன், உண்மை. ஆனால் என் கையால் ஒரு குடும்பம் அடிபட்டது நாற்காலியில் உட்கார்ந்த பிறகு. நாலு குடும்பம் தப்பித்ததும் அங்கே உட்கார்ந்த பிறகுதான்.

கடைசியாக, நம் ஆட்களுக்கு ஒரு வேண்டுகோள். இன்றைக்கே பெட்டியைத் திறந்து டிஸ்சார்ஜ் புத்தகத்தையும் பென்ஷன் ஆர்டரையும் எடுங்கள். மனைவியின் பெயரும் பிறந்த தேதியும் அவற்றில் எப்படி இருக்கிறது, ஆதாரில் எப்படி இருக்கிறது, பாங்க் புத்தகத்தில் எப்படி இருக்கிறது என்று பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். இப்போது பென்ஷன் எல்லாம் ‘ஸ்பர்ஷ்’ கணினி முறைக்கு வந்துவிட்டது. ஒரு எழுத்து மாறினாலும் மெஷின் முழிக்கும். நீங்கள் உயிரோடு இருக்கும்போது உங்கள் ஒரு கையெழுத்தில் முடிகிற வேலை, நீங்கள் போன பிறகு அந்த அம்மாவை வயசான காலத்தில் படி ஏறி இறங்க வைக்கும். எப்படிச் செய்வது என்று தெரியாதவர்கள் ஞாயிற்றுக்கிழமை காலையில் என் வீட்டுக்கு வாருங்கள். பழைய பாபு ஒருவன் மேஜை போட்டு உட்கார்ந்திருப்பான். நாளைக்கு வா என்று சொல்ல மாட்டான்.

ஜெய் ஹிந்த்.